அங்கணத் தண்ணி போன வழி

எங்க ஆச்சி வீட்டு அங்கணத்துல இருந்து ஒரு சின்ன ஓடை புறவாசல் வழியா போகும். அரிசி களைஞ்ச தண்ணி, மீன் கழுவின தண்ணி, சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்ச்ச தண்ணி எல்லாம் நேரா தென்னை மூட்டுக்கு. பக்கத்துல ரெண்டு வாழை, கொஞ்சம் சேம்பு. அந்தத் தென்னையில காய்ப்பு எப்பவும் ஜாஸ்திதான். சுத்திகரிப்புன்னு யாரும் அதுக்குப் பேர் வைக்கலை. மண்ணுல உள்ள நுண்ணுயிரும் வேரும் அந்தச் சோலியைப் பாத்துக்கிட்டு இருந்தது.

மத்ததுக்கு விளைதான். ஆம்பளைங்களுக்கு எந்நேரமும், பொம்பளைங்களுக்கு இருட்டின பொறவு மட்டும். டவுன்ல எடுப்புக் கக்கூஸ், அதை அள்ளுறதுக்குன்னு சில சாதி. பழைய காலத்தை நினைச்சு ரொம்ப உருகாதீங்கன்னு இதனாலதான் சொல்றேன்.

அப்புறம் செப்டிக் டேங்க் வந்தது. 1860-களில் பிரான்சில் மூரா என்பவர் வீட்டுக் கழிவுக்கு மூடிய தொட்டி கட்டினார். 1890-களில் இங்கிலாந்தின் எக்சிட்டர் நகராட்சியில் இருந்த டொனால்ட் கேமரூன் அதைத் திருத்திக் கட்டி, இந்தப் பேரையும் வைத்தார். கனமானது அடியில் தங்கும், காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா அதில் ஒரு பகுதியைத் தின்னும், மேல்தண்ணி வெளியேறும். ஆனா அந்தத் தண்ணியில நோய்க்கிருமி இருக்கும். மிச்ச வேலையை வெளியே இருக்கிற உலர்ந்த மண்தான் செய்யணும்.

நாஞ்சில் நாட்டுல உலர்ந்த மண்ணுக்கு எங்க போக? திரும்புற பக்கமெல்லாம் குளம், வயல். பத்தாததுக்கு 1906-ல் கட்டி முடிச்ச பேச்சிப்பாறை அணையின் கால்வாய்கள். வயலை நிரத்தி வீடு கட்டின இடத்துல ஐப்பசி மழைக்கு உறிஞ்சுகுழியே தண்ணிக்குள்ள நிக்கும். எங்க வீட்டுல கிணத்துக்கும் டேங்குக்கும் நடுவுல பத்து எட்டுகூடக் கிடையாது. ஒரு மழைக்காலத்துல வீட்டுல எல்லாருக்கும் வயித்தாலே. தண்ணியைப் பரிசோதனைக்குக் கொடுத்தா, மலக்கிருமி இருக்குன்னு வந்தது. டேங்குக்கு இடம் காட்டினது நாங்கதான், யாரைக் குத்தம் சொல்ல?

இதே சிக்கலுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரம் மாவட்டத்து புல்லுவிளையில 1990-களின் நடுவில் ஒரு வழி கண்டாங்க. அது மீனவர் கிராமம், நிலத்தடி நீர் ரொம்ப மேலே. குழி வெட்டினா கிணறு கெடும். பால் கால்வெர்ட் என்ற பொறியாளர் குழியே இல்லாம, தரைக்கு மேல ரெண்டு அறை வைத்துக் கழிப்பறை கட்டினார். மலம் மட்டும் அறைக்குள் விழும், மேலே ஒரு பிடி சாம்பல். ஒண்ணு நிறைஞ்சதும் மூடிட்டு அடுத்தது. கழுவுற தண்ணிக்கும் சிறுநீருக்கும் தனிப் பாதை. அது போய்ச் சேருறது ஒரு செடிப்பாத்தி. அங்கே பாகல் காய்ச்சது. காத்திருந்து அறையைத் திறந்தப்போ உள்ளே இருந்தது நாத்தமில்லாத மண். தண்ணி ஊத்திக் கழுவுற நம்ம வழக்கத்தை மாத்தச் சொல்லாம, அதுக்கு ஏத்தமாதிரி கட்டினாரு பாருங்க, அதுதான் எனக்குப் பிடிச்சது.

முசிறியில் 2006-ல் ஸ்கோப் நிறுவனம் இதே முறையில் பொதுக் கழிப்பிடமே திறந்தது. அங்கே போறவங்களுக்குக் காசு கொடுத்த கதை அப்போ பத்திரிகையில எல்லாம் வந்தது.

எங்க கிணத்துத் தண்ணி இப்போ செடிக்கு மட்டும்தான். அங்கணத் தண்ணியை மறுபடி தென்னை மூட்டுக்குத் திருப்பியாச்சு. டேங்கை என்ன செய்யன்னுதான் யோசனை. தண்ணி மேலேயே நிக்கிற ஊர்க்காரங்க யாராவது இருந்தா, நீங்க என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்களேன்.