கடலைக் கண்டவர்களும் கேட்டவர்களும்

நபி யூனுஸ் (அலை) அவர்களின் வரலாற்றை மக்தப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒரு சிறுவன் எழுந்து, “உஸ்தாத், சிந்துபாத் ஏறி நின்ற மீனும் இதுவும் ஒன்றா?” என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் வீட்டில் இரண்டும் வண்ணப் படங்களுடன் ஒரே அலமாரியில் இருக்கின்றன. இரண்டிலும் அரபுப் பெயர்கள், இரண்டிலும் கப்பல், இரண்டிலும் பெரிய மீன். எது வஹீ, எது கதை என்று அவனுக்கு யாரும் பிரித்துச் சொல்லவில்லை. குற்றம் அவனுடையதன்று.

அன்று சுருக்கமாக ஏதோ சொல்லி அமர்த்திவிட்டோம். ஆனால் அந்தக் கேள்விக்கு நம் முன்னோரின் நூல்களிலேயே விரிவான விடை உண்டு.

முதலில் குர்ஆனை எடுத்துக்கொள்வோம். யூனுஸ் (அலை) அவர்களை விழுங்கியதை அது ‘ஹூத்’ என்று மட்டுமே குறிப்பிடுகிறது. அதன் நீளம், நிறம், இனம் எதையும் அது கூறவில்லை. நபியவர்கள் அதன் வயிற்றில் எத்தனை நாட்கள் இருந்தார்கள் என்பதையும் கூறவில்லை. மூன்று நாட்கள், ஏழு நாட்கள், நாற்பது நாட்கள் எனத் தஃப்ஸீர் நூல்களில் காணப்படுபவை பிற்காலத்தார் எடுத்தெழுதிய கருத்துகள். அவை ஒன்றோடொன்று முரண்படுவதே அவற்றின் நிலையை நமக்கு உணர்த்தப் போதுமானது.

அடுத்து ஹதீஸ். நபி (ஸல்) அவர்கள் அபூ உபைதா (ரலி) அவர்களின் தலைமையில் முந்நூறு பேர் கொண்ட படையைக் கடற்கரைப் பகுதிக்கு அனுப்பினார்கள். உணவு தீர்ந்து, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பேரீச்சம்பழம் என்ற நிலை வந்தது. அதைச் சப்பித் தண்ணீர் குடித்தார்கள். பின்னர் இலைகளை அடித்து உதிர்த்து உண்டார்கள். அப்போது ‘அன்பர்’ எனப்படும் மாபெரும் மீன் ஒன்றைக் கடல் கரையில் ஒதுக்கியது. செத்த பிராணியாயிற்றே என்று அபூ உபைதா (ரலி) முதலில் தயங்கி, பின்னர் நெருக்கடியைக் கருதி உண்ண அனுமதித்தார்கள். அதன் விலா எலும்பை நட்டு, ஆளேறிய ஒட்டகத்தை அதனடியில் செலுத்திப் பார்த்தார்கள். அதன் கண்குழியில் பதின்மூன்று பேர் அமர்ந்ததாகவும் அறிவிப்பு உண்டு. இதை உரைப்பவர் ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி). அந்தப் பட்டினியில் தாமும் இருந்தவர்.

எத்தனை நாட்கள் அதை உண்டார்கள்? ஓர் அறிவிப்பில் அரை மாதம், மற்றொன்றில் பதினெட்டு இரவுகள், இன்னொன்றில் ஒரு மாதம். புகாரி, முஸ்லிம் இமாம்கள் (ரஹ்) இந்த வேறுபாட்டை மறைக்கவில்லை. ஒன்றைத் திருத்தி மற்றொன்றோடு பொருத்தவும் இல்லை. எவர் வழியாக எது வந்ததோ, அதை அவர் பெயருடனேயே பதிவு செய்தார்கள். கதை சொல்பவன் இப்படிச் செய்வதில்லை. எண்ணிக்கையில் ஒன்றைப் பிடித்துக்கொள்வான், அநேகமாகப் பெரியதை.

நாம் பூசும் அம்பர் அத்தரும் இந்தப் பெயரைக் கொண்டதே. அந்த நறுமணப் பொருள் ஒருவகைத் திமிங்கிலத்தின் குடலில், செரிக்காத கணவாய் அலகுகளைச் சுற்றி உருவாகிறது என்பது இன்றைய அறிவு. ஹிஜ்ரி 237இல் (கி.பி. 851) எழுதப்பட்ட ‘அக்பாருஸ் ஸீன் வல்ஹிந்த்’ என்னும் நூலோ, கடலில் விளையும் அம்பரைத் திமிங்கிலம் விழுங்கிவிடுகிறது என்கிறது. பொருளையும் மீனையும் சேர்த்துக் கண்டதில் அந்த வணிகர்கள் தவறவில்லை. எது எதிலிருந்து வந்தது என்பதில்தான் தவறினார்கள். நீரைக் கோபுரம்போல் பீய்ச்சும் மீனைப் பற்றியும், அது கப்பலை மோதிவிடாதிருக்க இரவில் ஓசை எழுப்புவதைப் பற்றியும் அவர்கள் எழுதியதில் கண்டவரின் அச்சம் அப்படியே தெரிகிறது. சிறுமீன் ஒன்று திமிங்கிலத்தின் காதுக்குள் புகுந்து அதைக் கொன்றுவிடும் என்பதோ துறைமுகத்துப் பேச்சு. இரண்டும் ஒரே நூலில் அடுத்தடுத்து வருகின்றன.

இந்தத் துறைமுகப் பேச்சை முதலில் கடிந்தவர்களுள் ஒருவர் பஸராவைச் சேர்ந்த அல்ஜாஹிஸ் (இறப்பு ஹிஜ்ரி 255). அகீதாவில் அவர் முஃதஸிலா. அதில் நாம் அவரோடு இல்லை. ஆனால் ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் பெருநூலில் கடல்வாழ் உயிரினங்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்காததற்கு அவர் கூறும் காரணம் கவனிக்கத்தக்கது. அவற்றைப் பற்றிய செய்தி பெரும்பாலும் கப்பல்காரர்களிடமிருந்தே வருகிறது. செய்தி எவ்வளவு விநோதமோ அவ்வளவு அவர்கள் அதை விரும்புகிறார்கள் என்கிறார் அவர். காடும் ஓடையும் நிறைந்த தீவில் இறங்கி நெருப்பு மூட்டியதாகவும், அது தீவன்று, ஒரு மாபெரும் நண்டு என்றும், சூடு பட்டதும் அது நகர்ந்ததாகவும் அவர்கள் சொன்னதை எடுத்துக்காட்டி, கட்டுக்கதைகளையே மிஞ்சியது இது என எள்ளுகிறார்.

ஆயினும் அந்தக் கதை சாகவில்லை. நான்காம் ஹிஜ்ரி நூற்றாண்டில், புஸுர்க் இப்னு ஷஹ்ரியார் என்னும் மாலுமியின் பெயரில் வழங்கும் ‘அஜாயிபுல் ஹிந்த்’ நூலில் நண்டு ஆமையாகிறது. ஹிஜ்ரி 682இல் மறைந்த கஸ்வீனியின் நூலிலும் ஆமைதான். சிந்துபாத்தின் முதற் பயணத்தில் அது மீன். இதற்கெல்லாம் முன்பே, இஸ்லாத்தின் வருகைக்கும் முன்பு, கிரேக்க மொழியில் கிறிஸ்தவர்களிடையே வழங்கிய ‘ஃபிஸியோலோகஸ்’ என்ற விலங்கு நூலில் இதே கதை திமிங்கிலத்தைக் குறித்து உள்ளது. ஆக, இதை ‘இஸ்லாமியக் கதை’ என்று பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்கள் அது எங்கிருந்து வந்தது என்பதையே அறியார். சிந்துபாத் தனித்து வழங்கிய ஒரு கதைத் தொகுப்பு. பிரெஞ்சுக்காரர் காலான் 1704இல் வெளியிடத் தொடங்கிய மொழிபெயர்ப்பின் வழியாகவே அது ‘ஆயிரத்தொரு இரவுகளின்’ அங்கமாக உலகெங்கும் பரவியது.

கதையைக் கதையென்று படிப்பதை நாம் தடுக்கவில்லை. ‘அஜாயிபுல் ஹிந்த்’ நூலில் அப்ஹரா என்றொரு தலைவன் வருகிறான். கிர்மானில் ஆடு மேய்த்தவன், பின் மீனவன், பின் சீனம்வரை சென்று மீண்ட மாலுமி. நடுக்கடலில் சிறு படகில் ஒரு தண்ணீர்த் துருத்தியுடன் தனித்து மிதந்தவனை ஒரு கப்பலார் ஏறச் சொல்கிறார்கள். கப்பலை என் கட்டளையில் விட்டு ஆயிரம் தீனாரும் தந்தாலன்றி ஏறமாட்டேன் என்கிறான். ஏறியதும் சரக்கையும் பெரிய பாய்மரத்தையும் கடலில் எறியச் செய்து, வந்த புயலிலிருந்து அவர்களைக் காக்கிறான். ஆமைத் தீவைவிட இது நமக்கு நம்பும்படியாக இருக்கிறது; கடலை அறிந்த ஒருவனின் பிடிவாதம் அதில் உண்டு.

அத்தகைய அறிவுக்கு நூல் வடிவம் தந்தவர் அஹ்மத் இப்னு மாஜித். ஜுல்ஃபாரில், இன்றைய ராஸ் அல் கைமாவில், கப்பலோட்டிகளின் குடும்பத்தில் பிறந்தவர். ஏறத்தாழ ஹிஜ்ரி 895இல் ‘கிதாபுல் ஃபவாயித்’ எழுதினார். நட்சத்திர உயரம், பருவக்காற்று, கரை நெருங்குவதைக் காட்டும் கடற்பாம்பு, பறவை ஆகியவை அதன் பொருள். தமக்கு முந்திய மூன்று ஆசிரியர்களை அவர் மதிக்கிறார். ஆயினும் அவர்கள் தொகுத்தவர்களே, கடலில் சோதித்தறிந்தவர்கள் அல்லர் என்று கூறத் தயங்கவில்லை. அவர் ‘முஅல்லிம்’ எனப்பட்டார். தமிழின் ‘மாலுமி’ அச்சொல்லிலிருந்து வந்ததே. மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவருக்கும் அதே பெயர்தான்.

இத்தகையவரையும் கேள்விப்பேச்சு விடவில்லை. 1498இல் வாஸ்கோ ட காமாவுக்கு வழிகாட்டியவர் இவர்தாம் என்றும், போதையில் அப்படிச் செய்தார் என்றும், பல பத்தாண்டுகள் கழித்து மக்காவின் வரலாற்றாசிரியர் நஹ்ரவாலீ எழுதினார். போர்த்துக்கீசிய வரலாற்று நூல்களோ அந்த வழிகாட்டியைக் குஜராத்தி முஸ்லிம் என்கின்றன. இன்றைய ஆய்வாளர் பலரும் இப்னு மாஜித் அவரல்லர் என்றே முடிவு செய்கின்றனர். ஆனாலும் நம்மவர் மேடைகளில் சிலர் அதைப் பெருமையாகவும், சிலர் பழியாகவும் இன்றுவரை சொல்லிவருகிறார்கள். இறந்துபோன ஒரு முஸ்லிமின் மீது குடிப்பழி சுமத்துவது எளிய விஷயமா? அதற்குச் சாட்சி யார்?

சில வாரங்களுக்குப் பின் அதே வகுப்பில் ஜாபிர் (ரலி) அவர்களின் ஹதீஸை வாசித்தோம். மூன்று அறிவிப்புகளின் நாட்கணக்கையும் பலகையில் எழுதினோம். அந்தச் சிறுவன் எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான். “எந்தக் கணக்கு சரி, உஸ்தாத்?” என்றான். உலமாக்கள் அவற்றை எப்படி இணைத்து விளங்கினார்கள் என்று சொன்னோம். “நபி (ஸல்) அவர்களும் அந்த மீனைச் சாப்பிட்டார்களா?” என்று அடுத்துக் கேட்டான். ஆம், மீதியிருந்தால் எங்களுக்கும் தாருங்கள் என்று கேட்டு வாங்கி உண்டார்கள் என்றோம். சிந்துபாத்தைப் பற்றி அன்று அவன் கேட்கவில்லை.