முக்காலியில் உட்கார்ந்தவர்கள்

அந்நிய ஆட்சியை எதிர்த்துச் சட்டத்தை மீறுவது தர்மமென்று ஒப்புக்கொள்பவர்களில் பலரும், ஜனங்கள் வாக்களித்துத் தம்மைத் தாமே ஆண்டுகொள்ளும் நாட்டில் சட்டமறுப்புக்கு என்ன இடமிருக்கிறது என்று கேட்பதுண்டு. அந்தக் கேள்வியை மிகக் கூர்மையாக எழுப்பியவர் டாக்டர் அம்பேத்கர். 1949 நவம்பர் 25-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் பேசுகையில், அரசியலமைப்பு காட்டும் வழிகள் திறந்திருக்கும்போது சட்டமறுப்பையும் ஒத்துழையாமையையும் சத்தியாக்கிரகத்தையும் கைக்கொள்வது அராஜகத்துக்கு இலக்கணம் வகுப்பதே ஆகும் என்று அவர் எச்சரித்தார். அப்படி எச்சரித்தவர் போராட்டம் அறியாதவர் அல்லர். நகரசபை தீர்மானம் போட்டுத் திறந்துவிட்ட பின்னும் ஊர் வழக்கம் அடைத்தே வைத்திருந்த மகாத் நகரத்துச் சவுதார் குளத்துக்கு, 1927-இல் ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்று அதன் நீரைக் கையால் அள்ளிப் பருகியவர் அவர். ஆகையால் அவருடைய கேள்வியைத் தட்டிக்கழிக்க நமக்கு உரிமையில்லை. அதற்கு விடை தேடுகிறவர் தத்துவ நூல்களைப் புரட்டுவதைக் காட்டிலும் ஒரு நகரத்தின் சரித்திரத்தைப் பார்ப்பது நல்லதென்று எனக்குத் தோன்றுகிறது. அந்த நகரம் அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தின் தலைநகரான நாஷ்வில்.

1960-ஆம் ஆண்டில் அந்நகரத்தை அடிமை நகரமென்று ஒருவரும் சொல்லியிருக்க முடியாது. தேர்தல் நடந்தது, நியாயஸ்தலங்கள் இருந்தன, ஒன்றையொன்று மறுத்து எழுதும் இரண்டு தினசரிகள் இருந்தன, கறுப்பின வழக்கறிஞரான அலெக்ஸாண்டர் லூபி 1951 முதல் நகரசபை உறுப்பினராகவே இருந்தார். ஆனாலும் ஊர் நடுவிலிருந்த உல்வொர்த், கிரெஸ் முதலிய பெரிய கடைகளில் ஒரு கறுப்பினப் பெண் நோட்டுப் புத்தகமோ கைக்குட்டையோ வாங்கினால் காசைப் பெற்றுக்கொண்டு நன்றி சொல்லும் கடைக்காரர், அதே கடையின் மறுகோடியில் நீண்ட மேசையின் எதிரே வரிசையாக இருந்த சுழல் முக்காலிகளில் ஒன்றில் அவள் உட்கார்ந்து ஒரு கோப்பை காப்பி கேட்டால் கொடுக்க மாட்டார். வாக்குச்சீட்டு அந்த மேசை வரைக்கும் எட்டவில்லை. பெரும்பான்மையோரின் வழக்கத்தைச் சிறுபான்மையோர் வாக்கினால் மாற்றப் புறப்பட்டால் எத்தனை தலைமுறை காத்திருக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு ஏது?

இந்த நகரத்துக்கு ஜேம்ஸ் லாசன் என்ற இளைஞர் வந்து சேர்ந்த வழி நம் நாட்டின் ஊடாக அமைந்தது. கொரிய யுத்தகாலத்தில் ராணுவ சேவைக்கு உட்பட மறுத்துச் சிறை சென்ற அவர், விடுதலையான பின்பு மெதடிஸ்ட் திருச்சபையின் ஊழியராக நாகபுரி வந்து, ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றினார். காந்தியடிகள் மறைந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த அக்காலத்தில், அவருடைய முறையைச் சிரத்தையோடு பயின்றார். மாண்ட்கமரி நகரத்தில் கறுப்பின மக்கள் பஸ்களைப் பகிஷ்கரிக்கும் செய்தியை அவர் முதலில் படித்ததும் நாகபுரிப் பத்திரிகை ஒன்றில்தான். நாடு திரும்பியபின் 1957-இல் சந்தித்த மார்ட்டின் லூதர் கிங், தாமதிக்காமல் தென்மாநிலங்களுக்கு வந்துவிடும்படி அவரை வேண்டிக்கொண்டார். நாஷ்வில் வந்த லாசன், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இறையியல் மாணவராகச் சேர்ந்து, மாலை வேளைகளில் ஒரு தேவாலயத்தில் கறுப்பின மாணாக்கருக்கு வகுப்பு நடத்தலானார்.

அந்த வகுப்பில் நடந்ததைச் சற்று அருகே நின்று பார்க்க வேண்டும். சில மாணவர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுடைய சிநேகிதர்களே எதிரிகளாக வேஷம் பூண்டு, கேட்கக் கூசும் வசைகளைச் சொல்லி, சிகரெட் புகையை முகத்தில் ஊதி, நாற்காலியோடு கீழே தள்ளுவார்கள். தள்ளப்பட்டவர் கையை ஓங்காமல், அதே சமயம் முகம் தாழ்த்தாமல், எழுந்து மறுபடியும் உட்கார வேண்டும். பிறகு இன்னின்ன செய்யலாம், இன்னின்ன செய்யலாகாது என்று ஒரு தாள் தயாரிக்கப்பட்டது. அதை எழுதியவர் அலபாமாவில் குத்தகை விவசாயி ஒருவருக்குப் பிறந்த ஜான் லூயிஸ் என்ற மாணவர். அடித்தாலும் திருப்பி அடிக்கலாகாது, ஏசலாகாது, உரக்கச் சிரிக்கலாகாது, முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், முகம் எப்போதும் மேசையை நோக்கியிருக்க வேண்டும், தலைவர் சொல்லும்வரை இடத்தை விட்டு எழலாகாது. அராஜகத்துக்கு இப்படிப்பட்ட இலக்கணம் உண்டா என்பதை வாசகரே யோசித்துப் பார்க்கலாம்.

1960 பிப்ரவரி 13-ஆம் தேதி, வெண்பனி பெய்திருந்த ஒரு சனிக்கிழமையன்று, நூற்றுக்கு மேற்பட்ட மாணாக்கர் நல்ல உடை உடுத்திக் கடைகளுக்குள் சென்று, ஏதேனும் ஒரு சாமான் வாங்கிவிட்டு, முக்காலிகளில் அமர்ந்தார்கள். ஒருவரும் பரிமாறவில்லை, அவர்கள் பாடப்புத்தகங்களைப் பிரித்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாரங்கள் கழித்து, 27-ஆம் தேதி, வெள்ளை இளைஞர்கள் கூட்டமாக வந்து அவர்களை அடித்து முக்காலிகளிலிருந்து இழுத்துத் தள்ளினார்கள். போலீஸார் கைது செய்தது அடித்தவர்களை அல்ல, அடிபட்டவர்களை. அதுவும் ஒழுங்கீனமாக நடந்துகொண்டார்கள் என்ற குற்றத்தின் பேரில். ஒரு வரிசையை அழைத்துப் போனதும் காலியான முக்காலிகளில் அடுத்த வரிசை வந்து உட்கார்ந்தது. அன்று கைதானவர் 81 பேர். வழக்கு விசாரணையின்போது லூபி அவர்களுக்காக வாதாட, நீதிபதி முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அங்கிருந்த மாணாக்கர் பிற்காலத்தில் இதைச் சொல்லியிருக்கிறார்கள். அபராதம் தலைக்கு 50 டாலர். சிகாகோவிலிருந்து படிக்க வந்திருந்த டயான் நாஷ் என்ற பெண் எழுந்து, அந்தப் பணத்தைக் கட்டினால் அநியாயத்துக்குத் துணைபோனவர்கள் ஆவோம் என்று நீதிமன்றத்தில் சொல்லிவிட்டுச் சிறைக்குச் சென்றாள். மற்றவர்களும் அவளைப் பின்பற்றினார்கள்.

நான் இந்தச் சரித்திரத்தில் திரும்பத் திரும்பச் சென்று நிற்கும் இடம் இது. கடை அதன் சொந்தக்காரருடையதுதானே, விரும்பியவருக்கு விற்கவும் விரும்பாதவருக்கு மறுக்கவும் அவருக்கு உரிமையில்லையா என்று அன்று கேட்டவர்கள் எல்லாரும் துஷ்டர்கள் அல்லர்; ஒவ்வொருவரும் தமக்குப் பிடிக்காத சட்டத்தைத் தாமே தள்ளுபடி செய்யத் தொடங்கினால் ராஜ்யம் நிலைக்குமா என்று அஞ்சியவர்களின் அச்சமும் பொய்யன்று. ஆனால் இருட்டில் சட்டத்தை மீறித் தண்டனைக்குத் தப்பி ஓடுகிறவனையும், பட்டப்பகலில் பெயர் சொல்லி மீறிவிட்டு, விதித்த தண்டனையைத் தன் உடம்பால் ஏற்றுக்கொள்கிறவனையும் ஒரே தட்டில் நிறுப்பது நியாயமாகாது. முன்னவன் சட்டத்தின் அதிகாரத்தையே மறுக்கிறான். பின்னவனோ அந்த அதிகாரத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்து, இந்த ஒரு காரியத்தில் நீ தவறுகிறாய் என்று தன் ஊராரிடம் முறையிடுகிறான். வாக்குரிமையும் நியாயஸ்தலமும் செவிசாய்க்காத இடத்தில், சக பிரஜைகளின் மனச்சாட்சியிடம் செய்துகொள்ளும் மேல்முறையீடு அது. கேட்கும் செவி எதிரே இருக்குமென்று நம்பாதவன் அப்படி முறையிடவே மாட்டான்.

செவி இருந்தது, ஆனால் அது திறப்பதற்கு வெடிகுண்டு வேண்டியிருந்தது. ஏப்ரல் 19-ஆம் தேதி விடியற்காலையில் லூபியின் வீட்டில் டைனமைட் வீசப்பட்டு வீட்டின் முகப்பு தகர்ந்தது. அவரும் அவர் மனைவியும் உயிர் தப்பியது அற்புதம். அன்று பகலில் ஆயிரக்கணக்கான மக்கள் ஒரு கோஷமும் எழுப்பாமல், காலடியோசை மட்டுமே கேட்க, நகரசபை மாளிகைக்கு நடந்தார்கள். படிக்கட்டில் நின்ற மேயர் பென் வெஸ்டை நோக்கி டயான் நாஷ், நிறத்தை மட்டுமே காரணமாகக் கொண்டு ஒரு மனிதரை ஒதுக்கிவைப்பது தவறென்று நீங்கள் கருதுகிறீர்களா என்று கேட்டாள். மேயராக அல்ல, ஒரு மனிதராக அவர் பதில் சொன்னார்: தவறுதான் என்றார்.

மே 10-ஆம் தேதி, நாஷ்வில் நகரின் ஆறு கடைகளில் கறுப்பின மக்களுக்கு முதன்முதலாக மேசையில் உணவு பரிமாறப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் அமெரிக்கா முழுவதிலும் உணவு விடுதிகளில் நிறபேதத்தை விலக்கியது. ஜான் லூயிஸ் 33 ஆண்டுகள் அமெரிக்க காங்கிரஸில் உறுப்பினராக இருந்து, 2020-இல் மறைந்தார். லாசனை, இந்தப் போராட்டத்தை நடத்திய குற்றத்துக்காக 1960 மார்ச் மாதத்தில் வெளியேற்றிய வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம், 2006-ஆம் ஆண்டில் வருகைப் பேராசிரியராகத் திரும்ப அழைத்துக்கொண்டது.