முறியாமை

செந்தூல் என்றதும் முதியோர் நினைவில் முதலில் எழுவது இரயில்வே பட்டறையாகும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூட்டு மலாய் நாடுகளின் இரயில்வேக்காக அமைந்த அம்மத்தியப் பட்டறையில், நீராவி இயந்திரங்களும் பெட்டிகளும் பழுது பார்க்கப்பெற்றன. தமிழர் பலர் அங்கே உலைக்களத்திலும் கடைசல் பொறியிலும் உழைத்தனர். ஆங்கிலத்தில் ‘டஃப்னஸ்’ எனும் சொல்லின் பொருளை அகராதியைக் காட்டிலும் இத்தகைய பட்டறையே தெளிவாக உணர்த்தும்.

அச்சொல்லைத் தமிழில் பெயர்ப்போர் ‘கடினம்’ என்றே எழுதிவிடுகின்றனர். கடினம் வேறு, இது வேறு. அரம் இரும்பையே தேய்க்கும் கடினமுடையது. ஆயினும் கல்தரையில் விழுந்தால் முறிந்துபோகலாம். இரயில் பெட்டிகளை இணைக்கும் கொக்கி அத்துணைக் கடினமுடையதன்று. ஆனால் வண்டி புறப்படும் ஒவ்வொரு முறையும் விழும் அதிர்ச்சியைத் தன்னுள் வாங்கி, சற்றே நெகிழ்ந்து, முறியாமல் நிற்கும். இந்த இயல்பே ‘டஃப்னஸ்’.

பழைய ஆங்கிலத்திலேயே வேர்கொண்ட அச்சொல், வளைந்தாலும் அறுந்துபோகாத தோலையும் மரத்தையும் சுட்டியது. மெல்ல இயலாத இறைச்சிக்கும், தீர்க்க இயலாத சிக்கலுக்கும் பின்னர் அடைமொழியாயிற்று. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் போக்கிரிக்கே அது பெயராயிற்று. நெகிழ்ச்சியைக் குறித்த சொல் முரட்டுத்தனத்திற்கும் பெயரானது வியப்பே.

பொறியியல் மட்டும் பழம்பொருளை விடவில்லை. ஊசலாடும் சுத்தியால் உலோகத்துண்டை அடித்து, அது முறிவதற்குமுன் ஏற்கும் ஆற்றலை அளக்கும் முறைக்கு, 1901இல் அதனைச் செம்மைப்படுத்திய பிரெஞ்சு அறிஞர் ஷார்ப்பியின் பெயரே வழங்குகிறது. 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டில், ‘ஸ்கெனெக்டடி’ எனும் புதிய எண்ணெய்க் கப்பல், அமைதியான நீரில் நின்றவாறே பிளந்தது. வலிமையுள்ள எஃகும் குளிரில் இவ்வியல்பை இழக்கக்கூடும் என்பதை உலகம் உணர்ந்தது.

அதே 1943இல், சயாம்–பர்மா இரயில் பாதையில் மலாயாத் தமிழர் பல்லாயிரவர் மடிந்தனர். முன்னர் ஆங்கில முதலாளிமார் தமிழ்த் தொழிலாளரைப் ‘பணிவுள்ளவர்’ என்று விரும்பினர். எதையும் தாங்குவர் என்ற நம்பிக்கையே அதன் உட்பொருள். ஜப்பானியரோ தாங்கும் எல்லையையே எண்ணவில்லை.

1945இல் அமெரிக்க விமானங்களின் குண்டுவீச்சில் செந்தூல் பட்டறை பெரும் அழிவுற்றது. போருக்குப் பின் தொழிலாளர் அதனை மீண்டும் இயக்கினர். எனினும் நாட்கூலி நிலையை அவர்கள் என்றென்றும் தாங்கிக்கொண்டிருக்கவில்லை. அதனை மாதச் சம்பளமாக மாற்றக் கோரி, மலாயா இரயில்வே தொழிலாளர் 1962 டிசம்பரில் வேலைநிறுத்தம் தொடங்கினர். அது மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தது.

உலோகத்தின் தாங்குதிறனை அளப்பது, எல்லை கடந்து சுமை ஏற்றாதிருப்பதற்கே. மனிதரைப் புகழும்போதோ அந்த எல்லை மறக்கப்படுகிறது. ‘இவர்கள் தாங்குவர்’ என்னும் பாராட்டு, மேலும் சுமத்துவதற்கு உரிமைச்சீட்டாகிவிடுகிறது. அவ்வெல்லையைத் தாமே அறிவித்ததும் அத்தொழிலாளரின் உரமேயாகும்.

வள்ளுவர் ஓர் அதிகாரத்திற்கு ‘இடுக்கணழியாமை’ எனப் பெயரிட்டார். அவ்வழியில் ஆங்கிலச் சொல்லை ‘முறியாமை’ எனலாம். பட்டறைப் பணி பின்னாளில் பத்து காஜாவுக்குச் சென்றது. செந்தூலின் பழைய இரயில்வே கட்டடம் ஒன்றில் 2005இல் கலையரங்கம் திறக்கப்பெற்றது. உலைகள் அணைந்தாலும், அவை கற்பித்த சொற்பொருள் அணைந்துவிடலாகாது.