மறைநூலில் வரும் ‘பாபிலோன்’ எந்த நகரம்?

லிட்டில் இந்தியா வட்டாரத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களின் வரலாறு நூறாண்டுகளைத் தாண்டியது. தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை 1887ல் தொடங்கியது. ஓஃபிர் சாலையில் உள்ள லூர்து மாதா தேவாலயம் 1888ல் எழுந்தது. விவிலியத்தின் கடைசி நூலைக் கத்தோலிக்கர் ‘திருவெளிப்பாடு’ என்றும் மற்ற சபையினர் ‘வெளிப்படுத்தின விசேஷம்’ என்றும் அழைக்கின்றனர். உலக முடிவைப் பேசும் அந்நூலில் பழைய நகரங்கள் அடையாளங்களாக வருகின்றன.

பாபிலோன்

இதன் இடிபாடுகள் ஈராக்கில் உள்ளன. 2019ல் யுனெஸ்கோ இதை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் பாபிலோனியப் படை எருசலேம் ஆலயத்தை அழித்தது. மீண்டும் கட்டப்பட்ட ஆலயத்தை கி.பி. 70ல் ரோமானியர் அழித்தனர். அதனால் ரோமை ‘பாபிலோன்’ என்று மறைமுகமாகச் சொல்லும் வழக்கம் ஏற்பட்டது. நூலில் பாபிலோன் ஏழு மலைகள்மேல் அமர்ந்திருக்கும் பெண்ணாக வருகிறாள். ரோம் ஏழு குன்றுகளின் நகரம். அறிஞர்கள் பலரும் ரோமையே சுட்டுகின்றனர்.

துறைமுக நகரில் வாழும் நமக்கு 18ஆம் அதிகாரம் நெருக்கமானது. நகரம் எரிவதைப் பார்த்து வணிகர்களும் மாலுமிகளும் தொலைவில் நின்று அழுகிறார்கள். தங்கள் சரக்கை வாங்க இனி ஆளில்லை என்பதே வணிகர்களின் கவலை. பொன், முத்து, பட்டு, தந்தம், இலவங்கப்பட்டை என நீளும் பட்டியலின் கடைசியில் வருவது மனித உயிர்கள், அதாவது அடிமைகள். முத்தும் மணப்பொருளும் அன்று முசிறி போன்ற தென்னிந்தியத் துறைமுகங்களிலிருந்தும் ரோமுக்குச் சென்றன. மனிதரையும் சரக்காக்கிய செல்வச் செருக்கையே நூல் கண்டிக்கிறது என்பது பலர் தரும் விளக்கம்.

லவோதிக்கேயா

நூலில் கடிதம் பெறும் ஏழு சபைகளின் நகரங்களும் இன்றைய துருக்கியில் உள்ளன. அவற்றுள் லவோதிக்கேயா பணக்கார நகரம். கி.பி. 60 வாக்கில் நிலநடுக்கத்தில் இடிந்தபோது, பேரரசின் உதவியின்றித் தன் பணத்தில் மீண்டது. அங்கிருந்த சபையை நூல் வெதுவெதுப்பான நீருக்கு ஒப்பிடுகிறது. வசதி வந்ததும் பக்தி மந்தமாவதற்கு அது அடையாளம்.

புதிய எருசலேம்

அழிவோடு நூல் முடிவதில்லை. 12 வாசல்கள் கொண்ட புதிய நகரம் வானிலிருந்து இறங்குகிறது. அதன் வாசல்கள் அடைக்கப்படுவதில்லை. எல்லா இனத்தாரும் உள்ளே வருகிறார்கள்.

நாள் குறிக்கலாமா?

16ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் போப்பாண்டவரின் ஆட்சியைப் ‘பாபிலோன்’ என்றனர். பின்னரும் போர் மூளும்போதெல்லாம் புதுப்புது நாடுகளுக்கு அப்பெயர் சூட்டப்பட்டது. ஆனால் அந்த நாளையும் நேரத்தையும் யாரும் அறியார் என்று இயேசு கூறியதாக மத்தேயு நற்செய்தி சொல்கிறது. ‘இந்த நாடுதான் பாபிலோன், இன்ன தேதியில் முடிவு’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், பிறருக்கு அனுப்புமுன் இதை நினைவில் கொள்வது நல்லது.