மறைந்திருக்கும் காயம்: சிறுநீர்க்கான் சத்திரசிகிச்சையும் ஹேவாஹெட்டத் தொழிலாளரும்

1867ஆம் ஆண்டு இலங்கைத் தமிழர் வரலாற்றில் இரு நிகழ்வுகளால் முக்கியத்துவம் பெறுகின்றது. கண்டிக்குத் தென்கிழக்கே, ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதே ஆண்டில், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், ஆங்கிலச் சத்திரசிகிச்சை நூலொன்றை ‘இரணவைத்தியம்’ என்னும் பெயரில் தமிழில் வெளியிட்டார். தேயிலை தமிழ்த் தொழிலாளரின் உழைப்பை வேண்டி நின்றது. நூலோ தமிழ் மாணவரின் அறிவை வேண்டி நின்றது. இவ்விரண்டிற்குமிடையே இருந்த இடைவெளியை, உடலின் ஒரு சிறு உறுப்பில் ஏற்படும் காயத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்லும் மெல்லிய குழாயே சிறுநீர்க்கான். அது வயிற்றறையின் பின்புறத்தே, முதுகுத் தசைகளை ஒட்டி மறைந்து கிடக்கின்றது. ஆதலால் அது காயப்படுவது அரிது. காயப்படின் அதனைக் கண்டறிவது அதனினும் அரிது. கத்தியோ துப்பாக்கிக் குண்டோ ஊடுருவும்போது குடலும் குருதிக்குழாய்களுமே முதலிற் கவனத்தை ஈர்க்கின்றன. சிறுநீரிற் குருதி தோன்றாமலும் இருக்கலாம் என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. சில நாட்களின் பின்னரே காய்ச்சல், விலாநோவு, வயிற்று வீக்கம், புண்வழியே சிறுநீர் கசிதல் ஆகியன வெளிப்படும். அதற்குள் சிறுநீரகமே பழுதுறலாம்.

தேயிலை நடப்பட்ட மறு ஆண்டில், ஆங்கில மருத்துவர் அல்பிரட் போலந்து பதிவுசெய்த நிகழ்வு இதற்குச் சான்று. புகைவண்டிப் பெட்டிக்கும் மேடைக்கும் இடையே நசுங்கிய ஒருவர் ஆறாம் நாள் இறந்தார். சிறுநீர்க்கான் அறுந்திருந்தமை பிரேத பரிசோதனையிலேயே தெரியவந்தது. 1869இல் ஹைடல்பேர்க் நகரில் குஸ்தாவ் சைமன், முந்திய சத்திரசிகிச்சையொன்றிற் சிறுநீர்க்கான் சேதமுற்ற பெண்ணொருவரின் சிறுநீரகத்தையே அகற்றி அவரைக் காப்பாற்றினார். குழாயைப் பொருத்தும் முயற்சிகள் 1880களிலேயே உருப்பெற்றன. 1895இல் ரொன்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிரும், 1906இலும் 1929இலும் வகுக்கப்பட்ட சாயப் படமுறைகளும் உள்ளுறுப்பை வெளியிலிருந்தே காணும் வாய்ப்பை அளித்தன.

இன்று நோயாளியின் நிலை இடந்தருமாயின், சாயம் செலுத்தி, அது சிறுநீருடன் இறங்கும்வரை காத்திருந்து, மீண்டும் சீரீ படம் எடுப்பர். உடனே வயிற்றைத் திறக்க நேரின், ஆயுதம் சென்ற பாதையைப் பின்பற்றிச் சிறுநீர்க்கானை நேரிற் காண்பதே நம்பகமான வழியாகும். சிதைந்த ஓரங்களை வெட்டி நீக்கி, முனைகளைச் சரிவாகப் பிளந்து அகலமாக்கி, கரையும் நூலால் இழுவிசையின்றித் தைத்து, உள்ளே மென்குழாய் ஒன்றை வைப்பர். காயம் கீழ்ப்பகுதியிலாயின் குழாயைச் சிறுநீர்ப்பையிலேயே புதிதாகப் பொருத்துவர். நோயாளி மிக நலிந்திருப்பின், சிறுநீரகத்திலிருந்து நேரே சிறுநீரை வெளியேற்றிப் பின்னொரு நாளிற் சீர்செய்வர்.

இவை யாவும் ஒரு நிபந்தனையைச் சார்ந்தவை: நோயாளி உரிய காலத்தில் உரிய இடத்திற்கு வந்துசேர்தல் வேண்டும். கவ்வாத்துக் கத்தியுடன் மலைச்சரிவிற் சறுக்கி விழும் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். விலாவிலுள்ள புண் சிறியது, குருதியும் நின்றுவிட்டது. டிஸ்பென்சரியில் மருந்து கட்டி லயத்திற்கு அனுப்பினால், மூன்றாம் நாள் எழும் விலாநோவை யார் கேட்பார்? நாட்கூலியை இழந்து மீண்டும் வைத்தியரை நாட அவரால் இயலுமா? நாடினும், தம் நோவைத் தம் மொழியிற் சொல்ல இயலுமா?

இவ்வினாக்கள் புதியனவல்ல. கிறீன் 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1870இல் கொழும்பில் தோன்றிய அரசாங்க மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தையே போதனா மொழியாகக் கொண்டது. தோட்டத் தொழிலாளருக்கான மருத்துவ ஏற்பாடு 1872ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் சட்டத்தின் பொருளாயிற்று. எனினும், உழைப்பாளியின் உடல்நலம் தோட்டத்தின் வரவுசெலவுக் கணக்கோடு பிணைக்கப்பட்டே இருந்தது. 1873இல் கிறீன் தாயகம் திரும்பியபின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. தமிழிற் சத்திரசிகிச்சை நூல் தோன்றியமை பெருமைக்குரியதே; ஆயின் அப்பெருமையை மட்டும் பேசுவது வரலாற்றின் ஒரு பாதியை மறைப்பதாகும்.

பேராதனையில் 1962இல் மருத்துவ பீடமும் 1980இல் போதனா வைத்தியசாலையும் தோன்றியபின், ஹேவாஹெட்ட மலைகளுக்கு அண்மையிலேயே உயர் சத்திரசிகிச்சை அறிவு குடிகொண்டது. வரைபடத்தில் அத்தூரம் சிறிது. மலைப்பாதை, ஊர்தி, கூலி, மொழி ஆகியவற்றையும் கூட்டிக் கணக்கிட்டாலே உண்மைத் தூரம் புலப்படும். மருத்துவ வரலாற்றை எழுதுவோர் கண்டுபிடிப்புகளின் ஆண்டுகளோடு அமையாது, அக்கண்டுபிடிப்பு லயத்து வாசலை எப்போது எட்டியது என்பதையும் ஆராய்தல் வேண்டும். மறைந்திருக்கும் காயத்தைத் தேடிச் சென்று காணவேண்டும் என்னும் சத்திரசிகிச்சை விதி, வரலாற்றாசிரியருக்கும் பொருந்துவதே.