டிக்கன்ஸின் மை டப்பா: ஒரு வாழ்க்கைக் குறிப்பும் ஒன்றரை நூற்றாண்டுத் திறனாய்வும்

சார்லஸ் டிக்கன்ஸ் 1870 ஜூன் 9ஆம் நாள் காலமானபோது, அவருடைய நாவல்களை மனப்பாடமாக அறிந்திருந்த வாசகர்களுக்கும் அவருடைய பிள்ளைப் பருவம் தெரியாது. கடற்படைச் சம்பள அலுவலகக் குமாஸ்தாவின் மகன், நாடாளுமன்ற நிருபராக இருந்து எழுத்தாளரானவர் என்ற அளவிலேயே அவரைப் பற்றிய அறிவு நின்றிருந்தது. அடுத்த ஆண்டின் இறுதியில், அவருடைய நெருங்கிய நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் முதல் தொகுதி வெளிவந்தது. டிக்கன்ஸ் தம் கைப்பட எழுதி நண்பரிடம் ஒப்படைத்திருந்த தன்வரலாற்றுத் துண்டு ஒன்று அதில் அச்சாகியிருந்தது. டிக்கன்ஸ் திறனாய்வின் போக்கை இந்தச் சில பக்கங்கள் மாற்றியதுபோல் வேறெந்த ஆவணமும் மாற்றவில்லை.

துண்டு சொல்லும் செய்தி இது. 1824இல் தந்தை ஜான் டிக்கன்ஸ் கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் அடைபட்டார். சிறுவன் சார்லஸ், தேம்ஸ் கரையில் ஹங்கர்ஃபோர்டு படித்துறையை ஒட்டியிருந்த வாரன் கிடங்கில் வேலைக்கு விடப்பட்டான். எலிகள் ஓடும் இற்றுப்போன கட்டடம். பூட்ஸுக்குப் பூசும் கறுப்பு மை நிரம்பிய டப்பாக்களின் வாயை முதலில் எண்ணெய்க் காகிதத்தாலும் பிறகு நீலக் காகிதத்தாலும் மூடி, கயிறு கட்டி, ஓரங்களைச் சீராகக் கத்தரித்து, மேலே பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும். வாரக்கூலி ஆறோ ஏழோ ஷில்லிங். எத்தனை மாதம் அங்கே கிடந்தோம் என்பது டிக்கன்ஸுக்கே நினைவில்லை. தந்தை விடுதலையான பின்பும், மகன் அந்த வேலைக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று தாய் வற்புறுத்தினார். அதை மறக்கவே முடியாது என்று நடுவயதில் எழுதுகிறார் மகன்.

இந்தச் செய்தி வெளியானதும் திறனாய்வாளர்கள் உடனே அதைப் பற்றிக்கொள்ளவில்லை என்பது கவனத்துக்குரியது. 1872 பிப்ரவரியில் ‘ஃபோர்ட்நைட்லி ரிவ்யூ’ இதழில் ஜார்ஜ் ஹென்றி லூயிஸ் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, டிக்கன்ஸின் கற்பனையை மனப்பிரமைக்கு அருகில் வைத்துப் பேசியது. அவருடைய பாத்திரங்கள் கண்முன் நிற்கின்றன, ஆனால் சிந்தனை அற்றவை என்பது லூயிஸின் குற்றச்சாட்டு. ஃபார்ஸ்டர் சினங்கொண்டு மூன்றாம் தொகுதியில் மறுப்பு எழுதினார். பின்னர் 1898இல் கிஸ்ஸிங்கும் 1906இல் செஸ்டர்டனும் டிக்கன்ஸைப் பற்றி நல்ல நூல்கள் எழுதினார்கள். செஸ்டர்டனின் டிக்கன்ஸ் பெருங்களிப்பின் கலைஞர். மைக்கிடங்கு அவருக்குத் தெரியாமலில்லை, ஆனால் நாவல்களுக்கெல்லாம் அதுவே வேர் என்று அவர் கருதவில்லை.

திருப்பம் 1930களில் நேர்ந்தது. ஃபார்ஸ்டர் மூடி வைத்த இன்னொரு கதை அப்போது வெளியே வந்தது. 1857இல், தம் 45ஆம் வயதில், டிக்கன்ஸ் எல்லென் டெர்னன் என்ற 18 வயது நடிகையைச் சந்தித்தார். மறு ஆண்டே மனைவி கேத்தரினைப் பிரிந்தார். இந்த உறவைப் பற்றி 1935இல் தாமஸ் ரைட் எழுதினார். டிக்கன்ஸின் மகள் கேட் பெருஜினி சொல்லிவிட்டுப் போனவற்றைக் கொண்டு கிளாடிஸ் ஸ்டோரி 1939இல் ஒரு நூல் வெளியிட்டார். இத்தனைக்கும், டிக்கன்ஸின் உயிலில் முதலாவதாக வரும் கொடை எல்லென் டெர்னனுக்கு ஆயிரம் பவுண்டு என்பதுதான். அந்த உயிலை ஃபார்ஸ்டரே தம் நூலின் பின்னிணைப்பில் ஒரு வார்த்தை விளக்கமின்றி அச்சிட்டிருந்தார். அறுபது ஆண்டுகள் அது எல்லோர் கண்முன்னும் கிடந்தது. வாழ்க்கை வரலாற்றாசிரியரின் நட்பும் நேர்மையும் மோதிக்கொண்டதற்கு அந்தப் பின்னிணைப்பைவிடத் துலக்கமான சான்று வேண்டியதில்லை.

இந்தப் புதுச் செய்திகளின் வெளிச்சத்தில்தான் எட்மண்ட் வில்சன் மைக்கிடங்கைத் திரும்பிப் பார்த்தார். 1941இல் வந்த ‘தி வூண்டு அண்டு தி போ’ நூலின் டிக்கன்ஸ் கட்டுரை, கிடங்கில் பட்ட காயம் ஆறவே இல்லை என்றது. சிறைகள், குற்றவாளிகள், கைவிடப்பட்ட பிள்ளைகள், கடைசிக் காலத்து இருள் மண்டிய நாவல்கள் எல்லாம் அந்த ஒரே புண்ணிலிருந்து பிறந்தவை என்று விளக்கியது. குழந்தைகளுக்கான கிறிஸ்துமஸ் கதைக்காரராகக் கற்றவர்கள் ஒதுக்கி வைத்திருந்த ஒருவர், தஸ்தயேவ்ஸ்கியின் அருகில் உட்கார வைக்கப்பட்டார். எஃப். ஆர். லீவிஸ் 1948இல் ‘ஹார்டு டைம்ஸ்’ ஒன்றை மட்டும் ஏற்று மற்றவற்றைத் தள்ளினார். 1970இல் தம் துணைவியாருடன் சேர்ந்து டிக்கன்ஸுக்கென்றே தனி நூல் எழுதும் நிலைக்கு அவரும் வந்தார். இந்த மறுமதிப்பீட்டில் வில்சனுக்குப் பெரும் பங்குண்டு. அந்தக் கடனை யாரும் மறுக்க முடியாது.

ஆனாலும் அந்த விளக்கத்தில் ஓர் இடறல் இருக்கிறது. வில்சனும் அவர் வழி வந்தவர்களும் தன்வரலாற்றுத் துண்டைச் சாட்சி வாக்குமூலமாகவும், நாவலை அதன் மாறுவேடமாகவும் படித்தார்கள். துண்டை எழுதியது 12 வயதுச் சிறுவன் அல்ல. 1840களில், ‘பிக்விக்’, ‘ஆலிவர் ட்விஸ்ட்’ போன்றவற்றை எழுதி முடித்து, புகழின் உச்சியில் இருந்த நாவலாசிரியர் அதை எழுதினார். மூலக் கையெழுத்துப் படியும் இன்று இல்லை. நம்மிடம் இருப்பது ஃபார்ஸ்டர் தேர்ந்தெடுத்து அச்சிட்ட வடிவம்.

துண்டிலேயே உள்ள பாப் ஃபேகின் நிகழ்ச்சியைப் பார்ப்போம். கிடங்கில் கயிறு கட்டக் கற்றுக்கொடுத்த பையன் அவன். ஒருநாள் சார்லஸுக்கு விலாவில் பழைய வலி வந்து துடித்தபோது, காலி மைப் புட்டிகளில் வெந்நீர் நிரப்பி அரைநாள் முழுக்க ஒத்தடம் கொடுத்தான். மாலையில் தனியே அனுப்ப மனமின்றி வீடு வரை வருவதாகக் கூடவே நடந்தான். குடும்பம் இருப்பதோ சிறையில். அதைச் சொல்ல வெட்கப்பட்ட சிறுவன், சதர்க் பாலத்தருகே ஏதோ ஒரு வீட்டின் முன் நின்று கைகுலுக்கி விடைபெற்றான். நண்பன் திரும்பிப் பார்த்துவிடுவானோ என்று கதவையும் தட்டினான். கதவைத் திறந்த பெண்ணிடம், ராபர்ட் ஃபேகின் வீடு இதுதானா என்று கேட்டான். அவமானமும் அன்பும் நகைச்சுவையும் ஒரே முடிச்சில் இறுகிய காட்சி இது. இதைப் புண்ணிலிருந்து தானாகக் கசிந்தது என்று சொல்ல மாட்டேன், தேர்ந்த கை கட்டிய முடிச்சு என்றுதான் சொல்வேன். அந்த அன்பான பையனின் பெயர் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலில் பிள்ளைகளைத் திருடப் பழக்குபவனுக்கு ஏன் போயிற்று என்பதைக் காயம் என்ற ஒற்றைச் சொல் விளக்கிவிடாது. ஜார்ஜ் ஆர்வெல் 1940இலேயே சொன்ன வர்க்க வெட்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ நாவலின் டேவிட்டைப் போன்ற கெட்டிக்காரப் பிள்ளை அங்கே கிடக்கக் கூடாது என்று டிக்கன்ஸ் பதறுகிறார், மற்றப் பிள்ளைகள் கிடப்பதைப் பற்றி அதே பதற்றம் இல்லை என்பது ஆர்வெலின் கூர்மையான கவனிப்பு.

நாவலில் நடந்த மாற்றங்கள் இதைவிட முக்கியமானவை. துண்டின் பல வாக்கியங்கள் ஏறக்குறைய அப்படியே ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ நாவலின் 11ஆம் அத்தியாயத்துக்குள் போயின. மை டப்பா ஒயின் புட்டியாயிற்று, சிறுவனின் வயது பத்தாகக் குறைந்தது. இவை மேலோட்டமானவை. மன்னிக்க முடியாத தாயை டிக்கன்ஸ் என்ன செய்தார் என்பதே ஆழமான மாற்றம். டேவிட்டின் தாய் அதற்குள் இறந்துவிடுகிறாள். வேலைக்கு அனுப்பிய பழி முழுவதும் மாற்றாந்தந்தை மர்ட்ஸ்டன் தலையில் விழுகிறது. கடனாளித் தந்தையின் பேச்சும் தோரணையும் மிக்காபராகப் பிறக்கின்றன. துண்டில் கசப்பாக மட்டுமே கிடந்த குடும்பம் நாவலில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி கொடுமையாகவும் மறுபாதி ஆங்கில இலக்கியத்தின் மிகச் சிறந்த நகைச்சுவையாகவும் மாறுகிறது. காயத்தை மட்டும் தேடிப் போகிறவர் மிக்காபரிடம் கைநீட்டவே முடியாது.

இந்தக் கைவேலையை நோக்கித் திறனாய்வைத் திருப்பியது ஜான் பட், கேத்லீன் டில்லட்சன் இருவரும் 1957இல் வெளியிட்ட ஆய்வு. மாத இதழ்களாக வந்த நாவல்களின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் டிக்கன்ஸ் ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் தமக்குத் தாமே கேள்விகளும் நினைவூட்டல்களும், வலப்பக்கம் அத்தியாயத் திட்டமும் எழுதிவந்தார். யாரை இந்த மாதம் கொண்டுவருவது, யாரைத் தள்ளிப்போடுவது என்ற கேள்விகளுக்கு அவரே ஆம், இல்லை, இப்போது வேண்டாம் என்று பதில் எழுதிக்கொள்வார். ஃபார்ஸ்டரின் உயில்வழி வந்த அந்தத் தாள்கள் பலவும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1849 ஆகஸ்ட் வெளியீட்டுக்கான ‘காப்பர்ஃபீல்டு’ தாளில், கிடங்கு அத்தியாயத்தைக் குறித்து, தமக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் இது என்னும் பொருளில் நாலைந்து சொற்களை மட்டும் எழுதிக்கொண்டு, அதே தாளில் மிக்காபர் குடும்பத்தின் வரவைத் திட்டமிட்டிருக்கிறார் டிக்கன்ஸ்.