மலையைப் பார்க்க எங்கே நிற்பது?

தம்மம்பட்டிக்கு மேற்கே கொல்லிமலை, கிழக்கே பச்சைமலை. கொல்லிமலையில் பிறக்கும் சுவேத நதி ஊரை ஒட்டிப் போகிறது. எந்தத் தெருவில் நின்று நிமிர்ந்தாலும் வானத்தின் ஒரு விளிம்பை மலை அடைத்துக்கொண்டு நிற்கும். இந்த ஊரின் பெயரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனது மரச்சிற்பம். வாகையிலும் பூவரசிலும் தேக்கிலும் தெய்வ உருவங்கள், கோயில் வாகனங்கள், கதவுப் பலகைகள், தசாவதார வரிசைகள் என்று இங்கே உளியும் கொட்டாப்புளியும் ஓயாமல் வேலை செய்கின்றன. ஆனால் பட்டறை வாசலில் நின்றாலே தெரிகிற மலையை, தெரிகிறபடியே ஒரு பலகையில் தனிப்பொருளாகச் செதுக்கும் மரபு இங்கே உருவாகவில்லை. தேர்ச்சிற்பத்திலும் இல்லை, கதவிலும் இல்லை. இதைத் தம்மம்பட்டியின் குறை என்று எண்ணிவிடக் கூடாது. தமிழ்நாட்டுக் கல்லிலும் சுவரிலும் உலோகத்திலும்கூட, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு வரை, மலையும் ஆறும் வெளியும் மட்டுமே பொருளாக அமைந்த தனிப்படம் ஒரு வகையாக வளரவில்லை. நிலத்தைப் பாடியே இலக்கணம் கட்டிய மொழியில் இது ஏன் நேர்ந்தது என்பது கேட்கத் தகுந்த கேள்வி. நிலக்காட்சி ஓவியத்தின் வரலாற்றை நம் பக்கமிருந்து எழுதுவதானால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் நம் சிற்பிகளிடம் நிலம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். காளிங்க நர்த்தனம் செதுக்கும்போது கண்ணனின் காலடியில் பாம்பின் உடல் சுருண்டிருக்கும். அதன் கீழே மூன்று நான்கு அலைக்கோடுகள், இடையே ஒரு மீன், ஒரு தாமரை மொட்டு. யமுனை அவ்வளவுதான். கோவர்த்தனமோ இராவணன் அசைத்த கயிலையோ என்றால், ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிய பாறைத் துண்டுகள், அவற்றின் பொந்துகளில் ஒரு மான் தலை, ஒரு முனிவர், ஒரு பாம்பு. காடு வேண்டுமானால் ஒரே ஒரு மரம் போதும். ஆனால் அந்த ஒரு மரத்தின் ஒவ்வோர் இலையிலும் நரம்பு ஓடும், கிளையில் குரங்கு அமர்ந்திருக்கும். தூரத்து மரம், பக்கத்து மரம் என்ற பேதமே கிடையாது. எல்லாம் கைக்கு எட்டும் தொலைவில் இருக்கின்றன. தெய்வத்தைச் சுற்றிவரும் திருவாசியோ கொடியும் யாளியும் சுடரும் ஆகிவிடுகிறது. உருவத்துக்குப் பின்னால் கண் ஓடிப்போய் நிற்க ஓர் அடிவானம் இல்லை. திருவாசி அந்தக் கண்ணைத் திருப்பி உருவத்தின் முகத்துக்கே அனுப்பிவிடும்.

இதை வைத்து, தமிழ்க் கலைஞனுக்கு மனித உருவமும் தெய்வ உருவமும்தான் தெரியும், இயற்கையைக் கூர்ந்து பார்க்கும் கண் இல்லை என்று வாதிடுவோர் உண்டு. சித்தன்னவாசல் விதானத்தை நிமிர்ந்து பார்த்தால் அந்த வாதம் நிற்காது. 9-ஆம் நூற்றாண்டில் தீட்டப்பட்ட அந்தத் தாமரைப் பொய்கையில் இலைகள் ஒன்றையொன்று மூடிக்கொண்டு அடர்ந்திருக்கின்றன. பூக்கள் மொட்டாகவும் பாதி விரிந்தும் முழுதாக மலர்ந்தும் நிற்கின்றன. மீன்கள், வாத்துகள், யானை, எருமை, பூப்பறிக்கும் மூன்று ஆண்கள் எல்லாம் அந்த நீருக்குள்ளேயே இருக்கிறார்கள். கொடித்தண்டு வளையும் விதம் குளத்தில் இறங்கியவனுக்கே தெரியும். பார்க்கும் கண் கூர்மையானதுதான். ஆனால் கரை எங்கே? அந்தப் படத்தில் கரை கிடையாது. அடிவானமும் இல்லை. விதானத்தில் தீட்டப்பட்டதால் மேல் கீழ் என்றும் இல்லை. பொய்கை தலைக்கு மேலே விரிந்து நம்மை மூடுகிறது. சங்கப் பாட்டின் திணையும் இதே இயல்புடையது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று முன்னால் வைத்தது. கொல்லிமலையின் ஓரியும் அந்த மலையின் பாவையும் சங்கப் பாடல்களில் வருகிறார்கள். ஆனால் அந்தக் குறிஞ்சியை எவரும் தள்ளி நின்று பார்ப்பதில்லை. அதற்குள் காத்திருப்பவரும் வழி நடப்பவரும்தான் பேசுகிறார்கள்.

கவிதையைக் கொண்டுவந்து ஓவியத்தின் இடத்தில் நிறுத்துவது முறையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை சேலம் மாவட்டத்திலேயே, தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் கல்லாக நிற்கிறது. ஆத்தூர்க் கோட்டையோடும் சேர்த்துப் பேசப்படும் கெட்டி முதலிகள் என்ற குறுநிலத் தலைவர்கள் எழுப்பிய கோயில் அது. அங்கே ஒரு தூணில் வாலியும் சுக்ரீவனும் பொருதுகிறார்கள். தள்ளி வேறொரு தூணில் இராமன் வில்லோடு நிற்கிறான். இராமன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் இராமன் தெரியமாட்டான். இதை ஒரு வேடிக்கையாகக் காட்டிவிட்டு வழிகாட்டிகள் நகர்ந்துவிடுகிறார்கள். நிலக்காட்சியைப் பற்றி யோசிப்பவர் அங்கே நெடுநேரம் நிற்க வேண்டும். மறைந்து நின்று அம்பெய்த கதைக்கு இன்றியமையாத பொருள் காடு. சிற்பி அந்தக் காட்டைச் செதுக்கவில்லை. தூண்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தையே காடாக்கிவிட்டான். பார்க்க வருபவர் முதலில் இராமன் பக்கம் போய் நின்று, பிறகு வாலி பக்கம் வந்து நின்று, அந்தக் காட்டுக்குள் தானே நடந்தாக வேண்டும். கண்ணுக்கு எட்டுவது எது, எட்டாதது எது என்ற கணக்கு துல்லியமாகத் தெரிந்த கை அது. பார்வைக்கோட்டின் விதி தெரியாததால் நம்மவர் நிலக்காட்சி வரையவில்லை என்ற விளக்கம் இந்த இரண்டு தூண்களுக்கு முன்னால் செல்லாது.

அப்படியானால் நிலக்காட்சி என்ற தனி வகைக்குத் தேவைப்படுவது என்ன? நிலத்துக்கு வெளியே, ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் ஒருவர் வேண்டும் என்பது என் எண்ணம். அவர் முன்னால் ஒரு சட்டம், சட்டத்துக்குள் நிலம். ஐரோப்பாவிலேயே இது எளிதில் மதிப்புப் பெற்ற வகையல்ல. 17-ஆம் நூற்றாண்டில் டச்சு வணிகர்களின் வீட்டுச் சுவர்களுக்காக வயலும் வாய்க்காலும் மேகமும் ஏராளமாக வரையப்பட்டன. அதே காலத்தில் பிரெஞ்சு அகாடமி புராணக் கதைக்கும் வரலாற்றுக் காட்சிக்கும் முதலிடம் கொடுத்து, நிலக்காட்சியைக் கீழ்ப்படியில் உட்கார வைத்தது. சீனத்தின் கதை வேறு. அங்கே மலையும் நீரும் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஓவியத்தின் தலையாய பொருளாகிவிட்டன. குவோ ஷி தன் வசந்தகால மலையை வரைந்தது 1072-இல். அந்தப் படத்தில் ஒரே பார்வைப்புள்ளி இல்லை. கண் அடிவாரத்தில் ஏறத் தொடங்கி, பாலம் கடந்து, அருவியருகே மூச்சு வாங்கி, உச்சிக்குப் போகிறது. ஆகவே நிலக்காட்சி ஓவியம் எங்கும் ஒரே வழியில் பிறந்தது என்று சொல்வதற்கில்லை. இனிச் சொல்லப்போவது அது நம் மண்ணுக்கு வந்த வழியைப் பற்றி மட்டுமே.

அது வந்த வழியில் படை நடந்திருக்கிறது. ஆங்கில ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ் 1780-இல் சென்னையில் வந்து இறங்கினார். அந்த ஆண்டே ஹைதர் அலி படையெடுத்ததால், நகரை விட்டு அதிக தூரம் போக முடியாமல் அடுத்த ஆண்டு வங்கத்துக்குக் கப்பல் ஏறினார். வழி மூடியிருந்ததால் ஓவியமும் நின்றது. வழி திறந்தது 1792 மார்ச்சில். ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் கும்பினிக்கு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, விட்டுக்கொடுத்தார். அதே மார்ச் மாதக் கடைசியில் ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். ஏப்ரலில் பல்லக்கும் ஆட்களுமாக, சண்டை நடந்த அதே பாதையில் கிளம்பினார்கள். இராயக்கோட்டை, ஜெகதேவி, வீரபத்திரதுர்க்கம், சங்ககிரி என்று பாராமகால், சேலம் பகுதிகளின் மலைக்கோட்டைகள் அவர்கள் படங்களில் வரிசையாக வருகின்றன. இராயக்கோட்டை கும்பினி கைக்கு வந்து அப்போது ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. ஊர் திரும்பியபின் 1795 முதல் 1808 வரை அவர்கள் வெளியிட்ட 144 அச்சுப்படங்கள்தாம், நம் மலைகளை மலைகளாகவே உலகம் பார்த்த முதல் பெரிய தொகுதி. அவர்கள் மட்டுமல்ல. கார்ன்வாலிஸ் படையோடு போன ராபர்ட் ஹோம், படை அதிகாரியாகவே இருந்த அலெக்சாண்டர் ஆலன் ஆகிய இருவரின் மைசூர்ப் போர்நிலக் காட்சிகளும் 1794-இல் லண்டனில் நூல்களாக வந்தன.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. டேனியல்கள் அழகுக்காக அலைந்தவர்கள், பாபநாசம் அருவியை எந்தத் தளபதி கேட்டான் என்று சொல்லலாம். உண்மைதான். அருவித் தூவலிலும் பாறை இடுக்கில் வளைந்து நிற்கும் மரத்திலும் அந்த இருவருக்கும் இருந்த ஈடுபாட்டை நான் சந்தேகிக்கவில்லை. தாமஸ் டேனியலின் மேகங்களை அன்பில்லாத ஒருவர் வரைந்திருக்க முடியாது. ஆனால் அந்த அழகுணர்ச்சிக்குக் கால் வைக்க இடம் எப்படிக் கிடைத்தது என்பது தனிக் கேள்வி. உல்விச் படைக்கல்லூரியில் 1768 முதல் ஓவிய ஆசிரியராக இருந்தவர் பால் சாண்ட்பி, இங்கிலாந்தின் நீர்வண்ண நிலக்காட்சிக்கு முன்னோடி. மேட்டையும் பள்ளத்தையும் மரக்கூட்டத்தையும் பார்த்தபடி வரையத் தெரிவது பீரங்கிப் படை அதிகாரிக்குத் தொழில் அறிவாக இருந்தது. அதே கை, ஓய்வு நேரத்தில் அழகுக் காட்சியும் வரைந்தது. 1794-இல் சென்னையில் நில அளவைப் பள்ளி தொடங்கியது. 1802-இல் நில அளவையாளர் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். மலை உச்சி கோட்டைக்கு ஆனதுபோல் கருவி வைக்கவும் ஆயிற்று. சங்ககிரியைத் தள்ளி நின்று வரைந்தவரும் வரி போட அளந்தவரும் ஒரே மனிதரல்லர். ஆனால் இருவருமே அந்த நிலத்தில் ஏர் பூட்டாதவர்கள், சாமி கும்பிடாதவர்கள், வெளியே நிற்கக் கூடியவர்கள். நிலக்காட்சிக்கு வேண்டிய அந்த வெளியாள் இங்கே அப்படித்தான் வந்து சேர்ந்தார்.

வந்த வகையை நம் ஓவியர்கள் என்ன செய்தார்கள் என்பது இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் கும்பினிக்காரர்களுக்காகத் தொழிலாளரையும் தம்பதியரையும் வரைந்தவர்கள், உருவத்தின் காலடியில் மெல்லிய ஒரு பட்டை நிலமும் பின்னால் வெற்று வானமும் வைத்ததோடு நின்றார்கள். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி, தொலைவு குறையக் குறையப் பொருள் பெரிதாகும் கணக்கைப் பாடமாக்கியது. ஆனால் அந்தக் கணக்கு பொதுமக்களிடம் போய்ச் சேர்ந்தது நாடகக் கொட்டகை வழியாகத்தான். காட்டு சீன், தெரு சீன், தர்பார் சீன் என்று சுருட்டி இறக்கும் படுதாக்களில் மலையும் அருவியும் சாயம் பூசி நின்றன. அவற்றுக்கு முன்னால் நடிகர் வந்து நின்று பாடினார். நிலக்காட்சி தனிப் பொருளாக நிற்காமல், ஒருவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. சென்னைக் கலைப்பள்ளியில் படித்து, தேவி நாடக சபைக்குப் படுதா எழுதி, பின்பு கோவில்பட்டியில் தங்கிவிட்ட சி. கொண்டையராஜு (1898–1976) அடுத்த அடியை எடுத்து வைத்தார். அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த காலண்டர்களில் முருகனுக்குப் பின்னால் நீல மலை, சிவனுக்குப் பின்னால் பனிமலை, லட்சுமிக்குப் பின்னால் ஏரி. மரச்சிற்பி திருவாசி வைக்கும் அதே இடத்தில் அவர்கள் அடிவானத்தை வைத்தார்கள்.

இதைத் தரக்குறைவு என்று சிலர் ஒதுக்குவார்கள். பின்புலமாகிவிட்ட நிலம் நிலக்காட்சி ஆகுமா என்பார்கள். டேனியல் வழியில் பார்த்தால் ஆகாது. ஆனால் காலண்டரை வாங்கியவர் தன்னை வெளியாளாக நிறுத்திக்கொண்டு அந்த மலையைப் பார்க்கவில்லை. தெய்வத்தின் முன்னால் நிற்கும்போது அந்த மலை தன்னையும் சேர்த்துச் சூழ்ந்திருப்பதாகவே கண்டார். ஒரு புதிய கருவியைப் பழைய தேவைக்குப் பழக்கிக்கொண்ட திறமை இது. கலைப்பள்ளியின் உயர்ந்த தளத்திலும் ஏறக்குறைய இதே திருப்பம் நடந்தது. 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்த கே. சி. எஸ். பணிக்கர் இளம் வயதில் நீர்வண்ண நிலக்காட்சிகளால் பெயர் வாங்கியவர். 1960-களில், சோழமண்டலக் கலைஞர் கிராமம் உருவான அதே பத்தாண்டில், அவர் அடிவானத்தை விட்டுவிட்டு எழுத்தும் ஜாதகக் கட்டமும் குறிகளும் நிறைந்த பரப்புகளுக்குப் போனார். வாய்க்காலும் தென்னையும் வரையத் தெரியாமல் போனதால் அல்ல. சட்டத்துக்கு வெளியே நிற்கும் அந்த நிலை அவருக்குப் போதவில்லை என்றுதான் அவர் படங்களைப் பார்க்கும்போது தோன்றுகிறது.

இன்று தம்மம்பட்டியில் ஒரு மாணவி படத்தாளும் நீர்வண்ணமும் எடுத்துக்கொண்டு கொல்லிமலையை வரைய உட்காரலாம். தடுக்க யாருமில்லை, உத்தரவும் தேவையில்லை. நாமக்கல் பக்கம் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் கொல்லிதான் படங்களில் அதிகம் வருவது. இந்தப் பக்கமிருந்து தெரிவது வேறொரு கொல்லி, காலை வெயில் முதலில் விழும் முகம். அதன் அடிவாரத்தில் சுவேத நதியின் மணல், அதற்கு இந்தப் பக்கம் மரவள்ளிக் காடு, அதற்கும் இந்தப் பக்கம் வாகைக் கட்டையிலிருந்து சீவிப் போட்ட தூள். அந்தத் தூளையும் தாளுக்குள் சேர்ப்பதா, அல்லது அதைக் கடந்து போய் மலையை மட்டும் பார்க்கும்படி உட்காருவதா என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.